அறிவியல் புனைவு வீடியோ கேமைத் தொலைக்காட்சித் தொடராக்குவது எப்படி? ‘ஃபால்அவுட்’டை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஹேலோ’ கேமைத் தொடராக எடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2013 மே மாதம் அறிவித்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பெயரும் அந்த அறிவிப்பில் இருந்தது. தொடர் வெளியானது 2022 மார்ச்சில். இரண்டு சீசன்களோடு 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. ‘ஃபால்அவுட்’ தொடரை அமேசான் 2020 ஜூலையில் அறிவித்து 2024 ஏப்ரலில் வெளியிட்டது. முதல் 16 நாட்களில் 6.5 கோடிப் பேர் பார்த்ததாக அந்த நிறுவனம் சொன்னது. சிறந்த நாடகத் தொடர் உட்பட 16 எம்மி பரிந்துரைகளும் கிடைத்தன.

இரண்டுமே புகழ்பெற்ற அறிவியல் புனைவு கேம்கள். இரண்டுக்கும் பின்னால் பெரிய நிறுவனங்களும் நல்ல நடிகர்களும் இருந்தார்கள். ஒன்று நிலைத்து மற்றது நிலைக்காததற்குப் பல காரணங்கள் உண்டு. எனக்கு முதன்மையாகப் படுவது இது: கேமில் முடிவெடுப்பவர் ஆட்டக்காரர். தொடராக்கும்போது அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். எடுத்ததற்கு ஈடாக எதைத் தருகிறோம் என்பதுதான் தழுவலின் முழு வேலையும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன. கேம் ஒன்றைத் திரைக்கதையாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கேமை ஆடுங்கள், கை செய்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்

கதைச்சுருக்கத்தை இணையத்தில் படித்துவிட்டு எழுத உட்காராதீர்கள். கேமை முழுவதும் ஆட வேண்டும். ஆடும்போது கதையை எழுதிவைப்பதைவிட, உங்கள் கை என்ன செய்கிறது, எந்த இடத்தில் மனம் தயங்குகிறது என்பதை எழுதிவையுங்கள்.

1997-இல் வந்த முதல் ‘ஃபால்அவுட்’டின் கதை ஒரு வரிதான். அணுகுண்டுப் போருக்குப் பிறகு நிலத்தடிப் புகலிடமான வால்ட் 13-இல் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சிப் பழுதாகிவிடுகிறது. 150 நாட்களுக்குள் வேறொன்றைத் தேடிக் கொண்டுவர வேண்டும். ஆனால் ஆடுபவர் உண்மையில் என்ன செய்கிறார்? இடிபாடுகளைக் கிளறுகிறார். சண்டையா சமாதானமா என்று பேசிப் பார்க்கிறார். தாகத்தில் கிடப்பவனுக்குத் தன் தண்ணீரைத் தரலாமா என்று யோசிக்கிறார். செய்ததன் விளைவு பல மணிநேரம் கழித்து எங்கோ ஓர் ஊரில் எதிர்ப்படும்போது திடுக்கிடுகிறார். இந்தச் செயல்களின் பட்டியலே உங்கள் மூலப்பொருள். சிப்பைத் தேடும் கதையைத் தூக்கி எறிந்தாலும் ‘ஃபால்அவுட்’ மிஞ்சும். அந்தத் தயக்கத்தைத் தூக்கி எறிந்தால் மிஞ்சாது.

2. உரிமை யாரிடம் இருக்கிறது?

சலிப்பான வேலைதான், ஆனாலும் ஒரு வரிகூட எழுதுமுன் முடிக்க வேண்டியது. ‘ஃபால்அவுட்’டை உருவாக்கிய இன்டர்பிளே நிறுவனம் பணநெருக்கடியில் சிக்கியபோது, பெதெஸ்டா என்ற கேம் நிறுவனம் 2007-இல் 57.5 லட்சம் டாலருக்கு அந்த உரிமையை வாங்கியது. பல வீரர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் கேமை உருவாக்கும் உரிமம் மட்டும் இன்டர்பிளேயிடம் தங்கியது. அதற்காக வழக்கு நடந்து 2012-இல்தான் தீர்ந்தது. ஒரே கற்பனை உலகத்தின் உரிமை இப்படித் துண்டுதுண்டாகப் பிரிந்து கிடக்கலாம். பெயர், பாத்திரங்கள், இசை, குரல், பின்னால் வந்த நாவல்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வழக்கறிஞரைக் கொண்டு சரிபாருங்கள்.

உரிமையாளரின் எதிர்பார்ப்பு எல்லை மீறினாலும் கதை முடிந்தது. ‘ஹேலோ’வைத் திரைப்படமாக்க 2005-இல் முயற்சி நடந்தபோது, நாயகன் மாஸ்டர் சீஃபின் கவசம் அணிந்த ஆட்கள் திரைக்கதையை ஹாலிவுட் ஸ்டூடியோக்களுக்கு நேரில் எடுத்துச் சென்றார்கள். பீட்டர் ஜாக்சன் தயாரிக்க, நீல் புளோம்காம்ப் இயக்குவதாக இருந்தது. செலவும் பங்கும் பற்றிய இழுபறியில் 2006-இல் ஸ்டூடியோக்கள் விலகிக்கொண்டன. ‘ஃபால்அவுட்’டின் பொறுப்பாளர் டாட் ஹோவர்ட் பல ஆண்டுகள் திரைப்பட வாய்ப்புகளை ஏற்காமல் காத்திருந்தார். ஜோனதன் நோலனும் லிசா ஜாயும் நடத்தும் நிறுவனத்தோடு கைகோத்தபோது அவரே தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் அமர்ந்தார். உரிமையை விற்றுவிட்டு ஒதுங்கும் உரிமையாளரும் வேண்டாம். ஒவ்வொரு வசனத்துக்கும் கையெழுத்துக் கேட்பவரும் வேண்டாம். உலகத்தின் விதிகளுக்குக் காவலாக இருந்து, கதையை எழுத்தாளர்களிடம் விட்டுவிடும் ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

3. மூன்று பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பாதை, கேமின் கதையையே எடுப்பது. 2023-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ அப்படித்தான் செய்தது. 2013-இல் வந்த அந்த கேம் ஏற்கெனவே நேர்க்கோட்டுக் கதை. ஜோயல், எல்லி என்ற இருவரின் உறவே அதன் உயிர். ஆட்டக்காரர் பெரிய முடிவு எதையும் மாற்ற முடியாது. ஆகவே இழப்பும் குறைவு. கேமை எழுதிய நீல் டிரக்மனே கிரெய்க் மேஸினோடு சேர்ந்து தொடரையும் உருவாக்கினார்.

இரண்டாவது, அதே உலகத்தில் புதிய கதை. ‘ஃபால்அவுட்’ இதைத் தேர்ந்தெடுத்தது. குண்டுகள் விழுந்த 2077-க்கு 219 ஆண்டுகள் கழித்து, 2296-இல், எந்த கேமும் தொடாத காலத்தில் கதை நடக்கிறது. கேமில் நடந்தவையெல்லாம் அந்த உலகத்தின் வரலாறாக அப்படியே இருக்கின்றன.

மூன்றாவது, கேமின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வரலாற்றை மாற்றி எழுதுவது. ‘ஹேலோ’ இதைத்தான் செய்தது; கேமிலிருந்து பிரிந்த தனிக் காலக்கோடு என்று வெளிப்படையாகவும் அறிவித்தது. மூன்றிலும் இதுவே கடினமானது. ரசிகருக்கு ஒவ்வொரு காட்சியும் ஒப்பீடாகிவிடும்; புதியவருக்கோ பழைய பெயர்களின் கனம் விளங்காது.

என் பரிந்துரை எளிது. கேமில் கிளைகள் இல்லையென்றால் முதல் பாதை. கிளைகள் நிறைய இருந்தால் இரண்டாவது. நூறு பேர் நூறு விதமாக ஆடிய கதையில் ஒன்றைப் பொறுக்கி ‘இதுதான் கதை’ என்று சொன்னால், மற்ற 99 பேரின் அனுபவத்தைப் பொய் என்று சொன்னதாகிவிடும்.

4. ஒரே ஆட்டக்காரரைப் பல பாத்திரங்களாகப் பிரியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘ஃபால்அவுட்’ தொடரை எழுதி நடத்தும் ஜெனீவா ராபர்ட்சன்-டுவோரெட், கிரஹாம் வாக்னர் இருவரும் ஒரு நாயகனை வைக்கவில்லை, மூவரை வைத்தார்கள். வால்ட் 33-இலிருந்து முதன்முறையாக வெளியே வரும் லூசி. கவசப் படையான பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீலில் கடைநிலையில் இருக்கும் மேக்ஸிமஸ். கதிர்வீச்சால் உருக்குலைந்து, இரண்டு நூற்றாண்டுகளாக உயிரோடு திரியும் ‘கூல்’ (Ghoul) என்ற மனிதன்.

கேமை ஆடியவர்கள் கூர்ந்து பார்த்தால் மூவரும் ஒரே ஆட்டக்காரரின் மூன்று பருவங்கள் என்று தெரியும். முதல் மணிநேரத்தில் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசி, கேட்டவருக்கெல்லாம் உதவுபவர் லூசி. நல்ல ஆயுதமும் கவசமும் கண்ணில் பட்டவுடன் மனம் தடுமாறுபவர் மேக்ஸிமஸ். 200 மணிநேரம் ஆடிக் களைத்து, யாரைச் சுட்டால் என்ன கிடைக்கும் என்று மட்டும் கணக்குப் போடுபவர் கூல். கேம்களின் கதைகளும் இவர்களுக்குள் பிரிந்து இறங்கியிருக்கின்றன. 2008-இல் வந்த மூன்றாம் ‘ஃபால்அவுட்’டில் பிள்ளை அப்பாவைத் தேடிப் போகிறது, லூசி தேடுவதும் அப்பாவை. 2015-இல் வந்த நான்காவதில் பழைய உலகைப் பார்த்த ஒருவர் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறார். கூல் தேடுவதும் தன் குடும்பத்தை. எந்தக் கதையும் நகலெடுக்கப்படவில்லை, ஆனால் அவற்றின் ஏக்கம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

பிரித்துவிட்டால் போதாது, கேமில் எண்ணாக இருந்ததைப் பாத்திரத்தின் முடிவாக மாற்ற வேண்டும். மூன்றாம் ‘ஃபால்அவுட்’டில் கர்மா என்றொரு கணக்கு உண்டு. நல்லது செய்தால் ஏறும், திருடினால் இறங்கும். தொடர் இதை எப்படிக் காட்டியது என்று பாருங்கள். கூல், லூசியைப் பிடித்துக் கட்டி இழுத்துவந்து, தன் மருந்துக்கு விலையாக உடலுறுப்பு விற்கும் கும்பலிடம் கொடுத்துவிடுகிறான். அவள் அங்கிருந்து போராடித் தப்பி வெளியே வருகிறாள். மருந்தில்லாமல் அவன் மண்ணில் கிடக்கிறான். அவள் கையில் மருந்துக் குப்பிகள் இருக்கின்றன. கேமில் இந்த இடத்தில் திரையில் இரண்டு வழிகள் தெரியும். தொடரில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் தெரிகிறது. குப்பிகளை அவனிடம் போட்டுவிட்டு, தோற்றத்தில் உன்னைப்போல் ஆனாலும் ஆவேன், குணத்தில் ஆகமாட்டேன் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போகிறாள். பார்ப்பவர் மனத்துக்குள் ‘நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா’ என்று கேட்டுக்கொள்கிறார். பறித்த உரிமைக்கு ஈடு கொடுப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

5. முகத்தை என்ன செய்வது?

அறிவியல் புனைவு கேம்களில் நாயகர்கள் பெரும்பாலும் தலைக்கவசத்துக்குள் இருப்பார்கள். அதில் காரணம் உண்டு. 2001 முதல் மாஸ்டர் சீஃபின் முகத்தைக் காட்டாததால்தான் ஆடுபவர் அந்தக் கவசத்துக்குள் தன்னை வைத்துக்கொள்ள முடிந்தது. தொடருக்கு இது பெருஞ்சிக்கல். பல மணிநேரம் முகமே இல்லாத ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ‘ஹேலோ’ முதல் அத்தியாயத்திலேயே, மாஸ்டர் சீஃபாக நடித்த பாப்லோ ஷ்ரைபரின் தலைக்கவசத்தைக் கழற்றியது, ரசிகர்கள் கொதித்தார்கள்.

கழற்றியது தவறு என்று நான் நினைக்கவில்லை. முகத்தைக் காட்டுவதற்கான விலையைக் கதை கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம், அந்த முகத்துக்கு நாம் ஏங்குவதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் குறை. ‘ஃபால்அவுட்’ இதே சிக்கலை வேறு வழியில் கடந்தது. பிரம்மாண்ட கவசத்தை மேக்ஸிமஸ் தனக்குரியதல்லாத வழியில் அணிகிறான். கவசத்துக்கு வெளியே அவன் யார் என்று நமக்கு முன்பே தெரியும். ஆகவே உலோகத்துக்குள் ஒரு பயந்த இளைஞன் இருக்கிறான் என்பதை மறக்கமாட்டோம். கூலுக்கோ அடர்ந்த ஒப்பனை. மூக்கு கிராஃபிக்ஸால் நீக்கப்பட்டது. இருந்தும் போருக்கு முந்தைய காலக் காட்சிகளில், கூலாக நடிக்கும் அதே வால்டன் காகின்ஸ் ஒப்பனையில்லாமல், திரைநட்சத்திரம் கூப்பர் ஹோவர்டாக அடிக்கடி வருகிறார். அந்தக் கண்களைப் பழகிக்கொண்டபின், சிதைந்த முகத்திலும் அவற்றையே தேடுகிறோம்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இதற்காக உலகத்தின் ஒரு விதியையே மாற்றியது. கேமில் பூஞ்சைத் தொற்று காற்றில் வித்துகளாகப் பரவும். நடிகர்கள் நெடுநேரம் முகமூடி அணிய வேண்டியிருக்கும். முதல் சீசனில் வித்துகளை எடுத்துவிட்டு, மண்ணுக்கடியில் பரவும் பூஞ்சை இழைகளை வைத்தார்கள். இரண்டாம் சீசனில், கதைக்குத் தேவைப்பட்ட இடத்தில், வித்துகளும் வந்தன.

6. முதல் பத்து நிமிடத்தில் உலகத்தின் விதியைச் சொல்லுங்கள்

கேமுக்கு உலகை விளக்கப் பல மணிநேரம் உண்டு. கணினித் திரைகளில் கிடக்கும் பழைய கடிதங்களை ஆட்டக்காரர் நிதானமாகப் படிப்பார். தொடருக்கு அந்த அவகாசம் கிடையாது. பின்னணிக் குரலில் வரலாற்றுப் பாடம் நடத்தினால் புதிய பார்வையாளர் எழுந்து போய்விடுவார்.

ஜோனதன் நோலன் இயக்கிய முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவில் ஒரு வீடு, ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா. கவ்பாய் உடையில் கூப்பர். புகைப்படத்துக்காகக் கட்டைவிரலை உயர்த்தச் சொல்கிறார்கள், அவர் மறுக்கிறார். ஏன் என்று மகள் கேட்கிறாள். மரீன் படையில் சொல்லிக்கொடுத்ததை அவர் விளக்குகிறார்: பெரிய குண்டு விழுந்தால் கட்டைவிரலை நீட்டிப் பார், மேகம் விரலைவிடச் சிறியதாக இருந்தால் ஓடு. பெரியதாக இருந்தால், ஓடிப் பயனில்லை. சற்று நேரத்தில் அடிவானத்தில் வெளிச்சம். குழந்தை தன் சின்ன விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் விரலா என் விரலா என்று கேட்கிறாள்.

கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் வால்ட் பாய் கேமின் சின்னம். அந்த விரலுக்கான இந்த விளக்கம் ரசிகர்களிடையே பல ஆண்டுகள் உலவியது. ரசிகருக்கு உடல் சிலிர்க்கிறது. கேமையே கேள்விப்படாதவருக்கு ஒரு தகப்பனும் மகளும் அணுகுண்டும் போதும். ஒரே காட்சி இருவருக்கும் முழுமையாக வேலை செய்ய வேண்டும். ரசிகருக்கு மட்டும் புரிகிற காட்சியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

7. கிளைப்பணிகளை அத்தியாயங்களாக்குங்கள்

கேமில் முதன்மைக் கதையைவிடச் சுவையானவை வழியில் வரும் சின்னச் சின்ன வேலைகள். அப்பாவைத் தேடிப் புறப்பட்டவர் யாரோ ஒருவரின் தொலைந்த பொருளைத் தேடிக்கொண்டிருப்பார். தொடரில் கூல் இதையே ஒரு விதியாகச் சொல்கிறான்: இந்தப் பாழ்நிலத்தில் ஒவ்வொரு முறையும் ஏதாவதொன்று உன்னை வழிதவற வைக்கும் என்று. ஆடியவர்களுக்கு அது தங்கள் வாழ்க்கைக் கதை.

அத்தியாயம் பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு சிக்கல், ஒரு தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிளைப்பணி முடியும்போது பாத்திரத்திடம் ஏதாவது மாறியிருக்க வேண்டும்: ஒரு நம்பிக்கை, ஓர் உறவு, லூசி இழந்ததுபோல ஒரு விரல். கேமில் மாறாமலே அடுத்த ஊருக்குப் போகலாம், தொடரில் கூடாது.

சண்டைகளைத் தயங்காமல் குறையுங்கள். கேமில் ஆயிரம் பேரைச் சுட்டாலும் அது விளையாட்டின் தாளம். திரையில் பத்தாவது ஆளைச் சுடும்போதே பார்ப்பவருக்கு மரத்துப்போகும்.

8. இடமும் பொருளும்

கேமின் கலைப்படைப்புகள் உங்களிடம் தயாராக இருப்பது பெரும் செல்வம். ஆனால் முழுவதையும் கணினியில் உருவாக்கினால் மறுபடி கேம்போலவே தெரியும். ‘ஃபால்அவுட்’ 35 எம்.எம். ஃபிலிமில் படமாக்கப்பட்டது. கவசங்களை லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் மனிதர் அணியும்படி உண்மையாகவே செய்தது. பாழடைந்த வீடுகளுக்காகப் படக்குழு நமீபியாவின் கோல்மன்ஸ்காப்புக்குப் போனது. வைரச் சுரங்கத்தால் செழித்து, பின்னர் மக்கள் கைவிட்டுப்போன ஊர் அது. வீட்டு அறைகளுக்குள் பாலைவன மணல் சாய்ந்து கிடக்கும். அந்த மணலின் சரிவை எந்தக் கலைஞரும் வடிவமைக்கவில்லை. பத்தாண்டுகள் பல சேர்ந்து காற்று செய்தது.

யூட்டாவின் வெண்டோவர் விமானத்தளத்திலும் படமாக்கினார்கள். ஹிரோஷிமாவில் குண்டு வீசிய விமானக்குழு பயிற்சி பெற்ற தளம் அதுதான். பார்வையாளருக்குத் தெரியாமல் போகலாம். அணுகுண்டின் கதையை அந்த மண்ணில் நின்று எடுத்தவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பின்னணிக் காட்சியை ஒளிரவிடும் எல்.இ.டி. சுவர்களை எங்கே பயன்படுத்துவது என்பதற்கும் இத்தொடரில் நல்ல உதாரணம் உண்டு. வால்ட் 33-க்குள் சோளக்காடும் அதற்குப் பின்னால் செயற்கை அடிவானமும் இருக்கின்றன. கதையிலேயே அது திரையிடப்பட்ட பொய் வானம் என்பதால், தொழில்நுட்பத்தின் பொய்மையும் கதைக்குள் பொருந்திவிடுகிறது.

ஒலியை மறக்காதீர்கள். 1997 முதலே ‘ஃபால்அவுட்’ என்றால் அழிந்த நிலத்தின்மீது ஒலிக்கும் 1940-களின் ‘இங்க் ஸ்பாட்ஸ்’ குழுவின் குரல். தொடரும் அந்தக் குரலை விடவில்லை. உங்கள் கேமில் ஆடுபவரின் காதில் பல ஆண்டுகள் தங்கும் ஒலி எது என்று கண்டுபிடித்து, அதன் உரிமைக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

9. வரலாற்றுக்கு ஒரு காவலர்

எழுத்தாளர் அறையில் கேமின் ஆண்டுகள், ஊர்கள், அமைப்புகள் அனைத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குக் கலைப்பிரிவின் ஒவ்வொரு பலகையையும் பார்க்கும் அதிகாரமும் வேண்டும். ‘ஃபால்அவுட்’டின் ஒரு காட்சியில் வகுப்பறைக் கரும்பலகை வருகிறது. ஷேடி சாண்ட்ஸ் நகரின் வீழ்ச்சி 2277 என்று எழுதி, ஓர் அம்புக்குறிக்குப் பிறகு குண்டுவெடிப்பின் படம் வரையப்பட்டிருந்தது. 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேம் நடப்பது 2281-இல். அதில் அந்த நகரம் அழிந்ததாகப் பேச்சே இல்லை. ஒரு பலகையால் அந்த கேமையே வரலாற்றிலிருந்து அழித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். குண்டு விழுந்தது ‘நியூ வேகஸ்’ நிகழ்வுகளுக்குப் பிறகுதான் என்று பெதெஸ்டா தரப்பு விளக்க வேண்டிவந்தது. வீழ்ச்சி தொடங்கிய ஆண்டு வேறு, குண்டு விழுந்த ஆண்டு வேறு என்பதைப் பலகையிலேயே தெளிவாக எழுதியிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது.

அந்தக் கோபத்தைச் சில்லறைத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூற்றுக்கணக்கான மணிநேரம் அந்த உலகில் வாழ்ந்தவர்களுக்கு அதன் ஆண்டுகள் சொந்த ஊரின் வரலாறு.

10. வெளியீட்டைக் கேமோடு இணையுங்கள்

தொடரைப் பார்த்து முடித்தவர் அன்றிரவே கேமைத் தேடுவார். 2024 ஏப்ரல் 25-இல் நான்காம் ‘ஃபால்அவுட்’டுக்குப் புதுப்பிப்பு வந்தது. அதே காலத்தில் ‘ஃபால்அவுட் 76’-ஐ மட்டும் ஒரே நாளில் 10 லட்சம் பேர் ஆடினார்கள். எல்லா ‘ஃபால்அவுட்’ கேம்களையும் சேர்த்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 50 லட்சம் பேர். கேம் நிறுவனத்தின் நாட்காட்டியைத் தொடரின் நாட்காட்டியோடு ஓராண்டுக்கு முன்பே ஒப்பிட்டு வைப்பது நல்லது. முதல் சீசனை மொத்தமாக வெளியிட்ட அமேசான், 2025 டிசம்பரில் தொடங்கிய இரண்டாவதை வாரம் ஒன்றாக வெளியிட்டது. ரசிகர்கள் நுணுக்கமாக அலசிப் பேசும் இத்தகைய உலகத்துக்கு வாராந்திர முறையே பொருத்தம் என்பது என் கருத்து.

11. ஆட்டக்காரர்களின் முடிவுகளைத் தொடும்போது

இரண்டாம் சீசனில் வரும் சிக்கல் இது. முதல் சீசனில் யாரும் போகாத இடத்தில் கதை சொல்லலாம். வெற்றி பெற்றபின் ரசிகர்கள் நேசிக்கும் ஊருக்குப் போகவே வேண்டியிருக்கும். ‘ஃபால்அவுட்’ போனது நியூ வேகஸுக்கு. அந்த கேமுக்கு நான்கு பெரிய முடிவுகள் உண்டு. நகரம் யார் கைக்குப் போகிறது என்பதை ஆடியவரே தீர்மானித்தார். இப்போது தொடர் எதை உண்மை என்று ஏற்பது?

தொடரின் படைப்பாளர்கள் எந்த ஒரு முடிவையும் உண்மையென்று முத்திரை குத்தாமல் நகர்ந்தார்கள். கேமுக்கும் தொடருக்கும் நடுவில் இருக்கும் 15 ஆண்டு இடைவெளி இதற்குக் கைகொடுத்தது. யார் வென்றிருந்தாலும் அந்த வெற்றி 15 ஆண்டுகளில் சிதைந்திருக்கலாம்.

உங்கள் கேமிலும் இப்படிப்பட்ட ஊர் ஒன்று இருந்தால், முதல் சீசனை எழுதும்போதே அதற்கும் உங்கள் கதைக்கும் நடுவில் போதிய ஆண்டுகளை விட்டுவையுங்கள். பிறகு ஒவ்வொரு முடிவையும் தேர்ந்தெடுத்த ஓர் ஆட்டக்காரரையாவது அழைத்து உட்காரவைத்து, திரைக்கதையைப் படிக்கக் கொடுங்கள். தன் முடிவு நடக்கவே முடியாது என்று அவர்களில் ஒருவர் உறுதியாகச் சொன்னாலும், அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.